மாருத்: இன்ஜின் கிடைக்காத போர் விமானத்தின் கதை

கொஞ்சம் நீளமான இழை. டீ போட்டு எடுத்துட்டு வந்து உட்காருங்க.

1.
1997 ஆம் ஆண்டு கனடாவின் சிபிசி தொலைக்காட்சியில் "தி ஆரோ" என்று ஒரு நாடகம் இரண்டு பகுதிகளாக வந்தது. ஒரு நாடு தன் கையாலேயே ஒரு அருமையான போர் விமானத்தைச் செய்து, பறக்கவும் விட்டு, பிறகு தானே அதை வெட்டிப் போட்ட கதை.

இங்கே நம்மில் பலர் அதைப் பார்த்திருக்க மாட்டோம். ஆனா டொராண்டோ பக்கம் இருக்கிற நம்ம தமிழ்ச் சொந்தங்களுக்கு அது பக்கத்துத் தெருக் கதை. அந்த விமானம் பிறந்த மால்டன்தான் இன்றைக்கு டொராண்டோ விமான நிலையம் இருக்கிற இடம்.

2.
நாடகத்தில் கற்பனையும் கலந்திருக்கும். நடந்ததைச் சுருக்கமா சொல்லிடறேன்.

சோவியத் குண்டுவீச்சு விமானங்களை வழியிலேயே மறிக்க, ஆவ்ரோ கனடா நிறுவனம் "ஆரோ"வை வடிவமைத்தது. அதை உலகத்துக்குக் காட்டிய நாள் 1957 அக்டோபர் 4. அதே நாளில் ரஷ்யா ஸ்புட்னிக்கை விண்ணில் ஏவியது. மறுநாள் பேப்பர்ல எது தலைப்புச் செய்தியா வந்திருக்கும்னு நீங்களே யோசிச்சுக்கோங்க.

1958 மார்ச் 25-ல் முதல் முறை பறந்தது. 1959 பிப்ரவரி 20-ல் பிரதமர் டீஃபன்பேக்கர் திட்டத்தை ரத்து செய்தார். அன்றைக்கே பதினாலாயிரம் பேருக்கு மேல் வேலை போச்சு. பறந்த ஐந்து விமானங்கள், பாதியில் நின்றவை, வரைபடங்கள் எல்லாம் அழிக்கப்பட்டன. ஜிம் சேம்பர்லின் தலைமையில் முப்பது பேர் அளவில் பொறியாளர்கள் நாசாவுக்குப் போய், அமெரிக்காவின் விண்வெளித் திட்டங்களில் சேர்ந்தார்கள்.

3.
இதைக் கேட்டதும் "அய்யோ பாவம் கனடா"ன்னு தோணும்.

நமக்கும் ஒரு ஆரோ இருந்தது. பெயர் மாருத். காற்று என்று அர்த்தம். நம்ம ஆரணியிலிருந்து வேலூர் போய் நெடுஞ்சாலையைப் பிடிச்சா அஞ்சு மணி நேரத்துக்குள்ள போயிடற பெங்களூருவில் செய்தது. இன்றைக்கு எத்தனை பேருக்கு அந்தப் பெயர் தெரியும்?

கனடா தன் விமானத்தை ஒரே நாளில் கொன்றது. நாம கொல்லவே இல்லை. இன்ஜின் கொடுக்காமல் விட்டோம். அவ்வளவுதான்.

4.
கதை 1956-ல் ஆரம்பிக்குது. பாகிஸ்தானுக்கு அமெரிக்கா சேபர் ஜெட்களைக் கொடுக்க ஆரம்பிச்சிருந்த காலம். நேரு அரசு அணிசேரா நாடு. யாரிடம் ஆயுதம் வாங்கினாலும் கூடவே ஒரு கயிறும் வரும். அதனால நாமே ஒரு போர் விமானம் செய்யலாம்னு முடிவெடுத்தாங்க.

விமானப்படை கேட்டது சின்ன விஷயம் இல்லை. ஒலியைப் போல இரண்டு மடங்கு வேகம். 60,000 அடி உயரம். 800 கிலோமீட்டர் தூரம் போய்த் தாக்கிவிட்டுத் திரும்ப வேண்டும்.

அப்போது நாம சொந்தமா வடிவமைத்துப் பறக்கவிட்ட பெரிய சாதனை என்னன்னா, வி.எம்.காட்கே குழுவின் எச்.டி-2. 1951-ல் பறந்தது. புரொப்பெல்லர் வச்ச பயிற்சி விமானம். அங்கிருந்து நேரா ஒலியைவிட இரு மடங்கு வேகம்!

5.
இதுக்கு ஆள் வேணுமே. ஜெர்மனியிலிருந்து வந்தார் குர்ட் டாங்க்.

இரண்டாம் உலகப் போரில் ஹிட்லரின் விமானப்படைக்காக ஃபோக்கே வுல்ஃப் 190 விமானத்தை வடிவமைத்தவர். போர் முடிந்ததும் அர்ஜென்டினாவுக்குப் போய், அங்கே பெரோன் அரசுக்காக "புல்கி-2" என்ற ஜெட்டைச் செய்தார். 1955-ல் பெரோன் ஆட்சி கவிழ்ந்தது. டாங்க்கும் அவரோடு வேலை செய்த ஜெர்மானியர்கள் சிலரும் 1956-ல் பெங்களூருவின் ஹிந்துஸ்தான் விமானத் தொழிற்சாலைக்கு வந்து சேர்ந்தார்கள். இன்றைய எச்.ஏ.எல். தான் அது.

நம்ம ஊர்த் தொடர்பும் உண்டு. குரோம்பேட்டை எம்.ஐ.டி.யில் அப்துல் கலாம் படித்தபோது அங்கே பேராசிரியராக இருந்தவர் ரெபன்தின். கலாம் தன் சுயசரிதையில் அவரையும் டாங்க்கையும் குறிப்பிடுகிறார்.

6.
இப்ப ஒரு விஷயத்தைக் கவனிங்க. விமானம் என்பது இரண்டு தனித்தனி வேலை.

ஒன்று உடம்பு: இறக்கை, வால், ஓட்டுநர் அறை. இன்னொன்று இன்ஜின். உடம்பு செய்யத் தெரிந்த நாடுகள் கொஞ்சம் இருக்கு. நல்ல ஜெட் இன்ஜின் செய்யத் தெரிந்த நாடுகளை இன்றைக்கும் விரல்விட்டு எண்ணிடலாம்.

காரணம் வெப்பம். இன்ஜின் உள்ளே எரியும் வாயுவின் சூடு, அதன் நடுவில் சுற்றும் தகடுகளின் உலோகமே உருகும் அளவுக்கு இருக்கும். அந்தச் சூட்டில், நிமிடத்துக்கு ஆயிரக்கணக்கான சுற்று சுற்றிக்கொண்டே, பல நூறு மணி நேரம் உடையாமல் நிற்க வேண்டும். அந்த உலோகக் கலவையையும் அதை வார்க்கும் முறையையும் யாரும் யாருக்கும் சொல்லித் தர மாட்டாங்க.

7.
டாங்க் மாருத்தை வரைந்தது ஒரு குறிப்பிட்ட இன்ஜினை மனசில் வச்சு. இங்கிலாந்தின் பிரிஸ்டல் நிறுவனம் உருவாக்கிக்கொண்டிருந்த ஆர்ஃபியஸ் 12. பின்னெரிப்போடு சேர்த்து ஒவ்வொன்றும் சுமார் 3,700 கிலோ உந்துவிசை தரும். (பின்னெரிப்பு என்றால், வெளியேறும் வாயுவில் இன்னும் கொஞ்சம் எரிபொருளை ஊற்றிக் கொளுத்தி வேகத்தைக் கூட்டுவது.) அப்படி இரண்டு இன்ஜின் மாட்டினால் கணக்கு சரியாக வரும்.

வேலை வேகமா நடந்தது. முதல்ல அதே அளவில் மரத்தில் ஒரு கிளைடர் செய்து, டக்கோட்டா விமானத்தில் கட்டி இழுத்துப்போய் மேலே விட்டுப் பார்த்தாங்க. அது 1959. அங்கே கனடாவில் ஆரோவை வெட்டிப் போட்ட அதே வருஷம், இங்கே நம்ம மர விமானம் பெங்களூரு வானத்தில்.

1961 ஜூனில் நிஜ மாருத் பறந்தது. ஓட்டியவர் விங் கமாண்டர் சுரஞ்சன் தாஸ். ஆசியாவில் சோவியத்துக்கு வெளியே ஒரு நாடு இப்படி ஒரு ஜெட் போர் விமானத்தை உருவாக்குவது அன்றைக்குச் சாதாரணம் இல்லை.

8.
ஆனா அதுக்குள்ள இன்ஜின் கைவிட்டுப் போயிருந்தது.

ஆர்ஃபியஸ் 12-க்கு வேறு பெரிய வாடிக்கையாளர் கிடைக்கவில்லை. "மிச்ச ஆராய்ச்சிச் செலவை நீங்க கொடுத்தா முடிச்சுத் தர்றோம்" என்ற நிலைக்கு இங்கிலாந்து வந்தது. நம்ம அரசு கொடுக்கவில்லை.

விளைவு? அதே குடும்பத்தில் சின்ன இன்ஜினான ஆர்ஃபியஸ் 703-ஐ மாட்டினார்கள். நாட் என்ற குட்டி விமானத்துக்காக இதே ரக இன்ஜினை ஏற்கெனவே பெங்களூருவில் உரிமம் பெற்றுத் தயாரிக்க ஏற்பாடு ஆகியிருந்தது. கைக்குக் கிடைத்தது அதுதான். பின்னெரிப்பு கிடையாது. ஒவ்வொன்றும் சுமார் 2,200 கிலோ உந்துவிசை.

3,700 எங்கே, 2,200 எங்கே. இரண்டு மடங்கு ஒலி வேகத்துக்காகச் செய்த உடம்பு, ஒலி வேகத்தை எட்டிப் பிடிக்கவே மூச்சு வாங்கியது.

9.
இங்கே அன்றைய அரசைத் திட்டிவிட்டுப் போவது ரொம்ப சுலபம். நான் அதைச் செய்ய மாட்டேன். ஏன்னா அன்றைய இந்தியாவை ஒரு டாக்டராக எனக்குத் தெரியும்.

1951 கணக்கெடுப்பின்படி இந்தியனின் சராசரி ஆயுள் 32 வயது. மலேரியா, அம்மை, காசநோய் எல்லாம் வீட்டுக்கு வீடு. மலேரியா ஒழிப்புத் திட்டத்தை 1958-ல்தான் தேசிய அளவில் பெரிதாக்கினார்கள். அதே 1957-58-ல் அந்நியச் செலாவணி கையிருப்பு வற்றிப்போய் நாடு திணறியது. ஒவ்வொரு பவுண்டையும் எண்ணி எண்ணிச் செலவு செய்த நேரம்.

அந்த நாற்காலியில் நீங்க உட்கார்ந்திருந்தா, வெளிநாட்டு இன்ஜின் ஆராய்ச்சிக்குக் கையெழுத்துப் போட்டிருப்பீங்களா? நேர்மையா யோசிங்க. எனக்கே தயக்கம் வரும்.

10.
அப்போ தப்பு எங்கே?

காசநோய்க்கு ஆறு மாசம் மாத்திரை. இரண்டு மாசத்தில் இருமல் நின்னுடும், உடம்பு தேறிடும். "சரியாப் போச்சே சார்"னு நிறுத்திடுவாங்க. திரும்பி வரும்போது அந்தக் கிருமி மருந்துக்கு அடங்காத கிருமியா வரலாம். மாத்திரையே போடாமல் இருப்பது ஒரு தப்பு. பாதியில் நிறுத்துவது அதைவிடச் சிக்கலான தப்பு.

மாருத்தில் நடந்தது பாதி வைத்தியம். விமானம் வேண்டாம் என்று முடிவெடுத்திருந்தால் அது ஒரு முடிவு. இன்ஜினுக்கும் சேர்த்துச் செலவு செய்வோம் என்றால் அதுவும் ஒரு முடிவு. உடம்புக்கு வருஷக்கணக்கில் காசு போட்டுவிட்டு, இன்ஜினுக்கு மட்டும் கையை மடக்கியதுதான் வினை.

11.
அதுக்கப்புறம் பத்து வருஷத்துக்கு மேல் இன்ஜின் தேடி அலைந்த கதைதான்.

ரஷ்யாவிடம் கேட்டுப் பார்த்தார்கள். மிக்-19-ல் இருந்த இன்ஜின் வகையைப் பரிசோதித்தார்கள். பொருந்தவில்லை.

எகிப்து அப்போது மெஸ்ஸர்ஷ்மிட் வடிவமைத்த எச்.ஏ-300 என்ற போர் விமானத்தைச் செய்துகொண்டிருந்தது. அதுக்கு ஃபெர்டினாண்ட் பிராண்ட்னர் என்ற ஆஸ்திரியர் ஈ-300 என்று ஒரு இன்ஜின் செய்தார். "உங்க இன்ஜின், எங்க உடம்பு" என்று கைகோத்தோம். ஒரு மாருத்தை எகிப்துக்கே அனுப்பி அந்த இன்ஜினை மாட்டிச் சோதித்தார்கள். 1964-ல் எகிப்தின் எச்.ஏ-300-ஐ முதன்முதலில் பறக்கவிட்டதே நம்ம விமானப்படையின் கபில் பார்கவாதான்!

1967 போரில் எகிப்து நொறுங்கியது. 1969-ல் அந்தத் திட்டத்தையே மூடினார்கள். இன்ஜினும் போச்சு.

12.
கடைசி வழி, கையில் இருக்கும் சின்ன இன்ஜினுக்கே நாமே பின்னெரிப்பு கட்டுவது. பெங்களூருவின் எரிவாயுச் சுழலி ஆராய்ச்சி நிறுவனம், அதாவது ஜி.டி.ஆர்.இ., இந்த வேலையில் இறங்கியது.

அந்தப் பின்னெரிப்பு பொருத்திய சோதனை விமானத்தை 1970 ஜனவரி 10 அன்று எடுத்துக்கொண்டு கிளம்பியவர் சுரஞ்சன் தாஸ். 1961-ல் முதல் மாருத்தைப் பறக்கவிட்ட அதே மனிதர், இப்போது குரூப் கேப்டன். பெங்களூரு எச்.ஏ.எல். விமான நிலையத்தில் விபத்து. அவர் பிழைக்கவில்லை.

பெங்களூருவில் வேலை பார்க்கிற நம்ம பசங்க நிறைய பேர் தினமும் சுரஞ்சன் தாஸ் ரோட்டில் டிராஃபிக்கில் நிற்பீங்க. அந்தப் பெயர் இவருடையது. அடுத்த முறை சிக்னலில் நிற்கும்போது ஒரு நிமிஷம் நினைச்சுக்கோங்க.

13.
இத்தனைக்கும் மாருத் மட்டமான விமானமா? இல்லை.

உடம்பிலும் குறை இருந்தது உண்மைதான். நாலு துப்பாக்கியும் ஒரே நேரத்தில் சுட்டால் அதிர்வு தாங்காது. ஆனால் தாழப் பறந்து தாக்குவதில் விமானிகளுக்கு ரொம்பப் பிடித்த விமானம்.

1971 போரில் ராஜஸ்தான் பாலைவனப் பகுதியில் இரண்டு வாரத்தில் முந்நூறு முறைக்கு மேல் தாக்குதலுக்குப் போனது. வான் சண்டையில் ஒரு மாருத்தைக்கூட எதிரி வீழ்த்தவில்லை. ஒரு இன்ஜின் அடிபட்டும் இன்னொன்றை வைத்துக்கொண்டு வீடு திரும்பியவை உண்டு. டிசம்பர் 7 அன்று ஸ்குவாட்ரன் லீடர் கே.கே.பக்ஷி மாருத்தில் பறந்து ஒரு பாகிஸ்தான் சேபரையே வீழ்த்தினார்.

சின்ன இன்ஜினோடு இவ்வளவு. சரியான இன்ஜின் இருந்திருந்தால்?

14.
அந்தக் கேள்விக்குப் பதில் கிடைக்காமலே போச்சு. மொத்தம் 147 மாருத்களோடு உற்பத்தி நின்றது. வேகமான விமானம் வேண்டும் என்று 1962-லேயே ரஷ்யாவிடம் மிக்-21-க்கு ஒப்பந்தம் போட்டாச்சு. அந்த மிக்-21 குடும்பம் 2025 செப்டம்பர் வரைக்கும் நம்ம படையில் பறந்தது. தாக்குதல் வேலைக்கு 1979-ல் ஜாகுவார் வந்தது. மாருத் 1980-களில் ஒவ்வொன்றாக ஓய்வு பெற்று, 1990-க்குள் மொத்தமாக மறைந்தது.

விமானம் போனதுகூடப் பரவாயில்லை. அதைச் செய்த ஆட்கள்? ஒரு குழு சேர்ந்து, தப்பு செய்து, திருத்தி, கற்றுக்கொண்டது. அடுத்த வேலை கொடுக்காததால் கலைந்தது. சிலர் ஓய்வு பெற்றார்கள், சிலர் வேறு பக்கம் போனார்கள். கனடாவின் ஆட்களை நாசா எடுத்துக்கொண்டது. நம்ம ஆட்களைக் காலம் எடுத்துக்கொண்டது.

மாருத் முதலில் பறந்தது 1961. அடுத்து நாம வடிவமைத்த போர் விமானமான தேஜஸ் முதலில் பறந்தது 2001 ஜனவரி 4. நடுவில் 40 வருஷம்.

15.
இந்த ஊர்க்காரங்களுக்கு நான் இதை வேற மாதிரி சொல்லுவேன்.

ஆரணிப் பட்டு எப்படி நெய்யறாங்க? தறி நம்மது. கை நம்மது. பாவு ஓட்டி, அச்சில் பிணைத்து, பேட்டை விழுத்தி நெய்யும் கலை பரம்பரையா நம்மது. ஆனா பட்டு நூல் பெரும்பாலும் கர்நாடகப் பக்கத்திலிருந்து வரும். ஜரிகை சூரத்திலிருந்து வரும். அங்கே விலை ஏறினால் இங்கே தறி நிற்கும். தறி நின்ற வாரம் கூலி இல்லை. முதுகுவலின்னு ஓபிக்கு வர்ற நெசவாளரிடம் "வேலை எப்படி இருக்கு"ன்னு கேட்டா, பாதி நேரம் நூல் விலையைப் பற்றித்தான் பேசுவார்.

காஞ்சிபுரத்தில் தமிழ்நாடு அரசே ஒரு ஜரிகை ஆலை வைத்திருப்பதும் இதனால்தான். எவ்வளவு நல்ல கைவேலையாக இருந்தாலும், உயிர்நாடியான பொருள் அடுத்தவன் கையில் இருந்தால் உன் தறி உன் தறி இல்லை.

மாருத்துக்கு இன்ஜின்தான் அந்த ஜரிகை.

16.
"சரி டாக்டர், பழைய கதை. இப்ப என்ன?"ன்னு கேப்பீங்க.

இப்பவும் அதே கதை பாதி ஓடிக்கிட்டிருக்கு. தேஜஸ் நல்ல விமானம். நம்ம கோயம்புத்தூர் சூலூரில் அதன் படைப்பிரிவுகள் இருந்திருக்கின்றன. ஆனா அதன் இன்ஜின் அமெரிக்காவின் ஜெனரல் எலக்ட்ரிக்குடையது.

இந்த முறை சொந்த இன்ஜினும் செய்யலாம்னு 1989-லேயே "காவேரி" திட்டத்தைத் தொடங்கினோம். நம்ம நதியின் பெயர். தேவையான விசை வரவில்லை. 2008-ல் தேஜஸிலிருந்து காவேரியைப் பிரித்தார்கள். 1998 அணுகுண்டுச் சோதனைக்குப் பிறகு அமெரிக்கத் தடையால் தேஜஸ் வேலை எப்படித் தடுமாறியது என்பது தனிக் கதை.

2021-ல் 83 தேஜஸ் மார்க்-1ஏ விமானங்களுக்கு ஒப்பந்தம் போட்டார்கள். அதற்கான முதல் இன்ஜின் நம்ம கைக்கு வந்தது 2025 மார்ச்சில். உடம்பு செய்துவிட்டு இன்ஜினுக்காக வாசலைப் பார்த்து உட்கார்ந்திருப்பது நமக்குப் புதுசு இல்லை.

17.
இப்ப ஆரம்பத்திலேயே உங்க மனசில் வந்திருக்கும் கேள்விக்கு வர்றேன். அரசு ஆஸ்பத்திரி எம்பிபிஎஸ் டாக்டருக்குப் போர் விமானத்தில் என்ன அக்கறை?

என் மேசையில் தினமும் எழுதற மருந்திலும் இதே கதை இருக்கு.

1954-ல் புனே பக்கத்தில் பிம்ப்ரியில், உலக சுகாதார நிறுவனமும் யுனிசெஃபும் உதவ, ஹிந்துஸ்தான் ஆன்டிபயாடிக்ஸ் என்ற அரசு நிறுவனம் தொடங்கியது. பென்சிலினை நாமே தயாரித்தோம். பிறகு 1990-களிலிருந்து சீனாவின் மலிவு விலை மூலப்பொருள் வந்து குவிந்தது. போட்டி போட முடியாமல் இங்கே பென்சிலின் ஜி தயாரிப்பு நின்றே போனது. உங்க குழந்தைக்கு நான் எழுதும் அமாக்ஸிசிலின் இந்தியாவில் தயாரானதுதான். அட்டையில் இந்திய முகவரிதான் இருக்கும். ஆனா அதன் அடி மூலம் பல காலம் சீனாவிலிருந்து வந்தது.

2020-ல் கொரோனா வந்து கப்பல்கள் நின்றபோதுதான் நமக்கு உறைத்தது. அதுக்கப்புறம் அரசு ஊக்கத்தொகை அறிவித்து, காக்கிநாடாவில் 2024-ல் மறுபடியும் பென்சிலின் ஜி ஆலை ஓட ஆரம்பிச்சிருக்கு. தெரிந்த வேலையை மறந்துவிட்டு முப்பது வருஷம் கழித்து மறுபடி கற்றுக்கொள்கிறோம். மாருத்துக்கும் தேஜஸுக்கும் நடுவில் நடந்த அதே விஷயம்.

18.
எல்லாத்தையும் நாமே செய்யணும்னு நான் சொல்லவில்லை. எந்த நாடும் அப்படிச் செய்வதில்லை. அது முடியவும் முடியாது.

எதை வாங்கலாம், எது நம்ம கையில் இருந்தே ஆகணும் என்பதை ஆரம்பத்திலேயே முடிவு செய்யணும். நம்ம கையில் இருக்கணும்னு முடிவு செய்ததற்கு, பத்து வருஷம் தோற்றாலும் காசை நிறுத்தக் கூடாது. காவேரி தோற்றது என்று சிரிக்கிறோம். ஜெட் இன்ஜினில் முதல் முயற்சி தோற்காத நாடு எது? தோற்ற குழுவை அடுத்த முயற்சிக்கு வைத்துக்கொண்டவர்கள்தான் இன்றைக்கு நமக்கு இன்ஜின் விற்கிறார்கள்.

இதைப் படிக்கிற இன்ஜினியரிங் பசங்க, குறிப்பா மெட்டலர்ஜி, மெக்கானிக்கல் படிக்கிறவங்க இருந்தா: இந்த நாட்டுக்கு இன்னும் தீராத ஒரு வேலை பாக்கி இருக்கு. கணினித் திரைக்குப் பின்னால் மட்டும் எதிர்காலம் இல்லை.

19.
பெங்களூரு போனா கஸ்தூர்பா ரோட்டில் விஸ்வேஸ்வரய்யா அருங்காட்சியகத்துக்குக் குழந்தைகளைக் கூட்டிட்டுப் போங்க. அங்கே ஒரு மாருத் நிற்குது. எல்லாரும் முன்பக்கக் கூர்மூக்கோடு நின்று போட்டோ எடுப்பாங்க. நீங்க பின்பக்கம் போய்ப் பாருங்க. அந்த இரண்டு இன்ஜின் துவாரங்களையும் காட்டி, இந்தக் கதையைச் சொல்லுங்க.

20.
இனிமே "முழுக்க உள்நாட்டுத் தயாரிப்பு" என்று எதைப் பற்றிச் செய்தி வந்தாலும் கை தட்டுங்க. தட்டிட்டு ஒரே ஒரு கேள்வி மட்டும் கேளுங்க. விமானமோ, மருந்தோ, வென்டிலேட்டரோ, எதுவா இருந்தாலும் சரி:

"இன்ஜின் யாருடையது?"

எச்.ஏ.எல்.லிலோ விமானப்படையிலோ மாருத்தோடு வேலை பார்த்த பெரியவங்க உங்க வீட்டில் இருந்தா, அவங்க நினைவுகளைக் கீழே எழுதுங்க. எழுதி வைக்காவிட்டால் அதுவும் போயிடும்.